பஞ்சாலை வாசலில் நின்ற சின்ன ஆண்டை

இன்று காலை எங்கள் மாடியில் பழைய தலையணைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். மருமகளின் வேலை. பஞ்சு கட்டி கட்டியாக இறுகிப்போய்விட்டது, பிரித்து வெயிலில் காயவைத்து மறுபடி அடைக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். புதுச்சேரி உப்பளம் பகுதியின் கடற்காற்றைப் பற்றி அந்த யாரோவுக்குத் தெரியாது போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் பாதிப் பஞ்சு பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் இருந்தது. மீதி என் தலையில். "தாத்தா, ஒனக்கு இன்னும் கொஞ்சம் நரைச்சிடிச்சி" என்றாள் பேத்தி. கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். தலை, புருவம், காது மடலில் இருக்கிற முடி, எல்லாவற்றிலும் பஞ்சு. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிற ஆள் மாதிரியே இருந்தேன். பக்கத்தில் நீதான் இல்லை.

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எட்டாவதில் கோட்டைவிட்டவன் எழுதுகிற தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன்னை நீ என்று சொல்ல எனக்கு எத்தனை வருஷம் பிடித்தது என்பது உனக்குத் தெரியும். இப்போதுகூட அந்த வார்த்தையை எழுதும்போது உன் அப்பா பின்னால் நிற்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

என் பிள்ளைகளிடம் நாம் ரெண்டு பேரும் ஒரே ஊர் என்று சொன்னால், ஒன்றாக விளையாடியவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வில்லியனூருக்கு மேற்கே அந்த ஊரில் நமக்கு ஒரே வயசு. ஒரே ஏரியில் வேறு வேறு கரையில் குளித்தோம். நம் சிநேகிதம் அப்போது அவ்வளவுதான். விடிந்ததும் எங்கள் தெருச் சனம் உங்கள் வீட்டுக் களத்து ஓரமாக வந்து நிற்கும். உன் அப்பா வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வெளியே வருவார். கைத்தடியால் காட்டுவார். நீ வா. நீ வா. நீ நாளைக்குப் பாக்கலாம். என் அப்பா வருஷத்துக்குப் பேசிய பண்ணையாள், அவருக்குப் பயமில்லை. என் அம்மா அந்தக் கூட்டத்தில் நிற்பாள். தடி அவளைத் தாண்டிப் போகிறதா, அவளிடம் நிற்கிறதா என்று அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்திருப்பேன். நீ உன் அப்பாவுக்குப் பக்கத்துப் படியில் டம்ளரோடு நின்று எங்களைப் பார்த்திருப்பாய். எல்லோருக்கும் உன் அப்பா ஆண்டை. டம்ளர் வைத்திருந்த நீ சின்ன ஆண்டை.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் மாமா என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிவந்து பஞ்சாலையில் சேர்த்துவிட்டார். சில வருஷத்தில் நூற்புப் பிரிவில் மேஸ்திரி ஆனேன். வேலை சுத்தத்தைப் பார்த்துத்தான் ஆக்கினார்கள் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். உண்மைக் காரணம் என் சீட்டி. அந்தக் கூடத்தில் மெஷின்கள் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. இரண்டு விரலை வாயில் வைத்து நான் ஒரு சீட்டி அடித்தால் கடைசி மெஷினில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ஊரில் மாடு மேய்த்தபோது கற்ற வித்தை. பள்ளிக்கூடம் கொடுக்காத உத்தியோகத்தை மாடுகள் கொடுத்தன.

அந்த வருஷங்களில் ஊர் எப்படிப் புரண்டது என்பதை நீ என்னைவிட நன்றாகச் சொல்வாய். சாலை அகலமானது. சாலையை ஒட்டி கம்பெனிகள் வந்தன. எங்கள் தெருப் பையன்கள் டிபன்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். களத்து ஓரத்தில் நிற்கிற கூட்டம் குறைந்தது. பிறகு ஒரு அறுவடையில் உன் அப்பா எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட வேண்டியதாயிற்று. உன் அண்ணன்கள் பாகம் பிரித்துக்கொண்டு, சாலையோரப் பங்கைக் கம்பெனிக்கு விற்றுவிட்டு மெட்ராஸ் போனார்கள். உன் பங்குக்கு வந்தது உள்ளே இருந்த நிலமும் வற்றிப்போன கிணறும், அதுவும் பத்திரம் உன் அப்பா பேரில்தான். நீ லாரி வாங்கினாய். அது சாலையில் ஓடியதைவிட பட்டறையில் படுத்திருந்த நாள்தான் அதிகம். எங்கள் கூரை வீட்டுக்கு ஓடு ஏறிய வருஷம்தான் உங்கள் மாடி ஒழுக ஆரம்பித்தது. எங்கள் ஓடு உங்கள் மாடியிலிருந்து பெயர்த்து எடுத்ததில்லை. ஆனால் ஊரில் சிலர் அப்படித்தான் பார்த்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. மில் வாசலில் பதிலிகள் நின்றிருந்தார்கள். நிரந்தர ஆள் யாராவது வராவிட்டால் அன்றைக்கு மட்டும் அவன் இடத்துக்கு எடுக்கிற ஆள்தான் பதிலி. எங்கள் மில்லில் அப்போது மேஸ்திரிதான் வாசலுக்கு வந்து பொறுக்குவான். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டும். நான் வெளியே வந்து பார்க்கிறேன், கேட்டுக்கு எதிரே பாதாம் மரத்தடியில் நீ நிற்கிறாய். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரம். மேனேஜரைப் பார்க்க வந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

"வாங்க ஆண்ட! யாரப் பாக்கணும்? ஆபீஸு அந்தப் பக்கம்."

"ஒன்னத்தான் பாக்கணும்."

"என்னயா?"

"பதிலிக்கு வந்திருக்கேன்."

நான் சிரித்தேன். நல்ல தமாஷ் என்று வாய்விட்டே சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்போதுதான் உன் கையில் இருந்த டிபன்பாக்ஸைப் பார்த்தேன்.

அன்றைக்கு நான் உன்னைக் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? உன் தலையில் கூடையை ஏற்றுவதா? மெஷினுக்கு அடியில் குனிந்து குப்பைப் பஞ்சைக் கூட்டச் சொல்வதா? தினமும் வாசலுக்கு வருவேன், முதலில் உனக்கு ஒரு கும்பிடு போடுவேன், உன்னைச் சுற்றி நிற்கிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எவ்வளவு பதவிசாக நடந்துகொள்கிறோம் என்று எனக்குள் ஒரு பூரிப்பு வேறு. ஒருநாள் வெயில் அதிகம் என்று எதிரே இருந்த பாய் கடையிலிருந்து உனக்கு டீ கொடுத்தனுப்பச் சொன்னேன்.

வீட்டில் போய் இதைப் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி சாதம் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே வைத்தாள்.

"டீ குடிக்கவா அந்த மனுசன் அவ்ளோ தூரத்துலருந்து பஸ் ஏறி வராரு?"

"ஒனக்கு ஒன்னும் புரியாது. அவுரு யாரு தெரியுமா?"

"தெரியும். சோத்துக்கு வழி தேடி வந்தவரு."

மறுநாள் பாயும் சொன்னார். "மேஸ்திரி, அந்த டீய அவரு தொடவேயில்ல. ஆறி ஆடை கட்டுனப்புறம் நான்தான் கீழ ஊத்துனேன்." அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நீயே கடைக்குள் வந்துவிட்டாய். எனக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாய். நான் எழுந்து நின்றேன்.

"ஒக்காரு."

"பரவால்ல ஆண்ட."

"ஒக்காருன்னு சொல்றேன்ல. இன்னும் எத்தன நாளு என்ன நிக்க வெக்கப் போற?"

"நான் எங்க ஆண்ட நிக்க வெச்சேன்…"

"எங்கப்பா ஒங்க எல்லாரையும் நிக்க வெச்சாரு. அதுக்குத்தான? நேராவே சொல்லிடு. நான் வேற மில்லு பாத்துக்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு அர்த்தம் அதற்கு இருக்கும் என்று என் புத்தியில் படவே இல்லை. வாய் குழறியது. "ஐயோ, இல்ல ஆண்ட! ஒங்கள போயி கூடைய தூக்க வெச்சா எங்கப்பன் என்ன வெட்டிப் போட்ருவான். மரியாதயில்லன்னு… அதான்…"

நீ என்னையே பார்த்தாய். "அப்ப மரியாதைக்காகவா என்ன பட்டினி போட்ட?"

"ஆமா ஆண்ட."

அவ்வளவுதான், உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. பாய் கல்லாவிலிருந்து எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "இவன் பழின்னு நெனச்சான், அவன் மரியாதன்னு நெனச்சான். நடுவுல வீணாப் போனது என் டீ!"

சிரிப்பு அடங்கியதும் நீ குரலைத் தாழ்த்திச் சொன்னாய். அப்பாவிடம் மில் ஆபீசில் கணக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாய். கூலி வேலை என்று தெரிந்தால், அதுவும் என் கீழே என்று தெரிந்தால், மிச்ச நிலத்தையும் மனை போடுகிறவனுக்குக் கொடுத்துவிட்டு உன்னை வீட்டோடு உட்கார வைத்துவிடுவார். அந்தக் காசு கரைகிறவரைக்கும் சாப்பாடு, அப்புறம் நிலமும் இல்லை, வேலையும் இல்லை. "பர்மனென்ட் ஆவறவரைக்கும் அவருக்குத் தெரியக்கூடாது. ஆயிட்டா அப்புறம் எது நடந்தாலும் சமாளிச்சிக்கறேன். அது வரைக்கும் நீ வாயத் தொறக்காத. ஆனா தெனம் கூப்புடு."

மறுநாள் வாசலுக்கு வந்தேன். கூப்பிட வாயைத் திறந்தேன். ஆண்டை என்று அத்தனை பேர் முன்னால் கூப்பிடக் கூடாது, அது உன் கட்டளை. பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. வேறு வழி தெரியாமல் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு சீட்டி அடித்தேன். வாசல் முழுக்கச் சிரித்தது. நீ நிமிர்ந்து பார்த்தாய், டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே வந்தாய். உங்கள் பரம்பரையிலேயே சீட்டியடித்துக் கூப்பிடப்பட்ட முதல் ஆள் நீயாகத்தான் இருக்கும்.

வேலையில் நீ முதலில் எப்படி இருந்தாய் என்பதை உன் பிள்ளைகளிடம் நான் சொன்னதே இல்லை. படுமோசம். நூல் சுற்றிய கட்டைகளைக் கூடையில் போடச் சொன்னால் காலில் போட்டுக்கொண்டாய். அறுந்த நூலைப் பிணைக்கச் சொன்னால் உன் விரலையே கட்டிப்போட்டுக்கொண்டாய். ஆனால் விடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்திலும் ஒரு நூலை அறுத்து அறுத்துப் பிணைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். நூலுக்கு ஒரு சீட்டி, கூடைக்கு இரண்டு சீட்டி என்று நமக்குள் ஒரு பாஷை உண்டானது. அந்த இரைச்சலில் ஆண்டையும் கிடையாது, ஆளும் கிடையாது. சீட்டி மட்டும்தான். எனக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை.

சங்கு ஊதியதும் ஓடிப்போய் முகம் கழுவி, தலையை வாரி, பாய் கடையில் மாட்டி வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறுவாய். ஊருக்குப் போகிற நாளில் என் பங்குக்கு நான் செய்ததுதான் வினை. உன் அப்பா தெருமுனையில் என்னை நிறுத்திக் கேட்பார்.

"ஏண்டா, எம்புள்ள ஆபீஸ்ல எப்பிடி இருக்கான்?"

"அவரு இல்லன்னா ஆபீஸே ஓடாது ஆண்ட. ஃபேனுக்கு நேர் கீழ சீட்டு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அடுத்த தடவை ஒரு டெலிபோன் சேர்ந்தது. அதற்கடுத்த தடவை மணியடித்தால் ஓடிவர ஒரு பியூன். "அப்படியா" என்பார் உன் அப்பா. மீசைக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நீ தலையில் கைவைத்துக்கொண்டாய். "மொதலாளி ஆக்கறதுக்குள்ள நிறுத்திக்க" என்றாய்.

பெரிய அதிகாரி உன்னைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்ட சமயம். பகல் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது. நாம் கேட்டை நெருங்கும்போது வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். பிரெஞ்சுக்காரர் காலத்து ஆள், மேனேஜரிலிருந்து கூட்டுகிறவன்வரை எல்லோரையும் ஐயா என்பதற்குப் பதில் முசியே என்றுதான் கூப்பிடுவார். "முசியே, ஒங்க ஊர்ப் பெரியவரு ஒருத்தரு வந்து நிக்கறாரு. உள்ள வரச் சொன்னேன், மாட்டேன்னுட்டாரு."

கம்பி வழியாகப் பார்த்தோம். பாதாம் மரத்தடியில், பதிலிகள் நிற்கிற அதே இடத்தில், வெள்ளை வேட்டியோடு உன் அப்பா.

உன் முகத்தில் ரத்தமே இல்லை. "போச்சுடா" என்றாய். "இன்னும் கொஞ்ச நாளு… கொஞ்ச நாளு இருந்தா போதுமே." பஞ்சு குடோனுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றுகூடக் கேட்டாய். எனக்குத்தான் மூளை வேலை செய்தது. மூளை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிற ஏதோ ஒன்று. உன் கையிலிருந்த டிபன்பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டேன். உன்னை முன்னால் விட்டு இரண்டடி பின்னால் குனிந்து நடந்தேன். உன் அப்பா காதில் விழுகிற மாதிரி சத்தமாகக் கேட்டேன்.

"சார், நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க சார்?"

உன் அப்பா உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார்.

"ஏண்டா மேஸ்திரி."

என்னை அவர் மேஸ்திரி என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"ஆண்ட?"

"ஒங்க ஆபீஸ் ஃபேனு காத்து குடுக்குமா, பஞ்சு குடுக்குமா? ரெண்டு பேரு தலையும் இலவங்கா வெடிச்ச மாதிரி இருக்குது."

நான் டிபன்பாக்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நீ தரையைப் பார்த்து, "அப்பா, நான் சொல்லிடலாம்னுதான்…" என்று ஆரம்பித்தாய். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பொங்கலுக்கு முன்னாடியே தெரியும். ஊர் பஸ் கண்டக்டருதான் சொன்னான், அவன் வாயி கேட்டில்லாத வூடு மாதிரி. டெலிபோனு, பியூனுன்னு இவன் அளக்கறத கேக்கறதுக்குன்னே தெருமுனைல நிப்பேன். நல்லாத்தான் பொழுது போச்சு."

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவர் எங்களை விட்டுவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார். மரத்தைப் பார்த்தார், அடியில் தரையைப் பார்த்தார்.

"இங்கதான் நிக்கணுமா, கூப்புடறவரைக்கும்?"

"ஆமாங்க ஆண்ட."

"ஒக்கார ஒரு கல்லுகூட இல்லியே."

"நிக்கத்தான் வேணும்."

வயசான ஆள், சங்கு ஊதுவதற்கு முன்பே வந்து அங்கேயே நின்றிருக்கிறார். ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் நின்றார். "காலு வலிக்குதுடா" என்றார். அதை உன்னிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா, இல்லை வேறு யாரிடமோ சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. என் அம்மா அப்போது உயிரோடு இல்லை.

பாய் கடையில் நாம் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் எழப்போனபோது உன் அப்பாவே என் தோளை அழுத்தி உட்கார வைத்தார். டீயை உறிஞ்சிக்கொண்டு, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார்: "மனை போடறவன் வந்தான். இல்லன்னு அனுப்பிட்டேன். மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வூட்ல நெலத்த எதுக்கு விக்கணும்?"

நீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாய். அழுகிறாய் என்று நினைத்தேன். துண்டை விலக்கினால் சிரித்துக்கொண்டிருந்தாய். கண் மட்டும் நனைந்திருந்தது. அத்தனை மாசம் ஒரு பெரிய மூட்டையைச் சுமந்திருக்கிறோம், அவர் அதை வைக்கோல் மாதிரி விரலால் தட்டிவிட்டுவிட்டார். எனக்கு உடம்பு லேசாகி, பசி எடுத்து, ஒரே மூச்சில் பாய் கடை பன்களைக் காலி செய்தேன்.

உன்னைப் பர்மனென்ட் ஆக்கியது அதற்குப் பிறகு நடந்த சின்ன விஷயம் என்றுதான் எனக்குத் தோன்றும். பெரிய அதிகாரி கூப்பிட்டுச் சொன்னார், நீ கை கூப்பினாய், வெளியே வந்து என் முதுகில் ஒன்று வைத்தாய். "இனிமேட்டுக்கு நீ வா போன்னு பேசலன்னா, ஒன்ன யூனியன்ல சொல்லிக் குடுத்துருவேன்" என்றாய். அன்றைக்குச் சாயந்திரமே நாம் செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். குடோன் பின்னால் உடைந்து கிடந்த நீளப் பெஞ்சு ஒன்றை நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து இழுத்து வந்து, செங்கல் முட்டுக் கொடுத்து, பாதாம் மரத்தடியில் போட்டோம். யார் போட்டது என்று ஆபீசில் கேட்டார்கள். ரொம்ப நாளாகவே கிடக்கிறது என்றேன். என் பொய்களில் உருப்படியான பொய் அதுதான். வாட்ச்மேன்கூட ஒத்துப் பாடினார்.

அதன் பிறகு எத்தனையோ காலைகள். நீ என் கூடத்தில் கடைசி மெஷினில், நான் நடுவில் சீட்டியோடு. உன் நிலத்தில் உன் பிள்ளை இன்றைக்கும் நெல் வைக்கிறான். போன அறுவடைக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பினான். நீ போய்விட்டாய் என்று சொல்ல அவன்தான் வந்தான், நான் உள்ளே வா என்று சொல்வதற்கு முன்பே அழுதுவிட்டான். உனக்காக எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் உன்னை நினைத்தால் முதலில் வருவது அன்றைக்குப் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது வந்த நிம்மதி மூச்சுதான்.

உன்னை வாசலில் நிற்க வைத்ததில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. கூப்பிட வேண்டியவனைக் கூப்பிட்டுவிட வேண்டும். நிற்க வைத்துவிட்டு அவனுக்காக நானாக யோசிக்கக் கூடாது. இப்போது எனக்குப் பதிலியும் இல்லை, வாசலில் பொறுக்குகிற வேலையும் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும், என்ன ஏது என்று கேட்கிறதுக்கு முன்னால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறேன். கேஸ் சிலிண்டர்காரர், ஓட்டுக் கேட்க வருகிறவர், சீட்டுப் பிடிக்கிற அம்மா. இந்த வயதில் திருட்டுப் பயமே இல்லையா என்று மகன் கத்துகிறான்.

போன வாரம் ஒருத்தர் பையோடு வந்து வெயிலில் நின்றார். உட்கார வைத்தேன், ஃபேனைப் போட்டேன், மருமகளைக் காபி போடச் சொன்னேன். குடித்து முடித்த பிறகுதான் கேட்டேன், என்ன விஷயமாக வந்தீர்கள் என்று. அவர் கூச்சத்தோடு பைக்குள்ளிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து முகவரியைப் பார்த்தார். அடுத்த தெருவுக்குப் போக வேண்டியவராம். உள்ளே நுழையும்போதே சந்தேகம் வந்ததாம். இவ்வளவு ஆசையாகக் கூப்பிடுகிறாரே, எப்படி மறுப்பது என்று உட்கார்ந்துவிட்டாராம்.